ஆஸ்வீகோ 1940: நோய்ப்படாதவர்களையும் விசாரித்த ஒரு புலனாய்வு

1940 ஏப்ரல் 19. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஆஸ்வீகோ மாவட்டத்தின் லைக்கோமிங் என்ற சிற்றூரிலிருந்து, சிரக்யூஸ் நகரில் இருந்த சுகாதார அதிகாரிக்குத் தகவல் போனது. ஊரில் பலருக்குத் திடீரென்று குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி. விசாரிக்க அனுப்பப்பட்டவர் டாக்டர் ஏ. எம். ரூபின். நோய்ப்பரவலியலில், அதாவது நோய் யாருக்கு, எப்படி, ஏன் பரவுகிறது என்று ஆராயும் துறையில், அப்போதுதான் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். அவர் போய்ச் சேர்ந்ததுமே உள்ளூர் சுகாதார அலுவலர் ஒரு நல்ல துப்பைக் கொடுத்துவிட்டார்: நோய்ப்பட்டவர்கள் அத்தனை பேரும் முந்தின நாள் மாலை தேவாலய விருந்துக்குப் போனவர்கள். அவர்கள் குடும்பங்களிலேயே விருந்துக்குப் போகாதவர்களுக்கு ஒன்றும் இல்லை.

யாரும் இறக்கவில்லை. காய்ச்சல் வந்ததாகக்கூட ஒருவரும் சொல்லவில்லை. 24 முதல் 30 மணி நேரத்துக்குள் எல்லோரும் தேறிவிட்டார்கள்; மருத்துவரிடம் போனதே ஐந்தில் ஒருவர்தான். இவ்வளவு சாதாரணமான சம்பவம், பின்னாளில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் புலனாய்வுப் பயிற்சியில் பாடமாகி, அங்கிருந்து பல நாடுகளின் வகுப்பறைகளுக்கும் போய்விட்டது.

நோய்ப்பரவலியல் என்றதும் 1854-இல் லண்டனில் பரவிய காலராவையும், அது தண்ணீர் வழியே பரவியதைக் காட்டிய மருத்துவர் ஜான் ஸ்னோவையும், அந்தத் தண்ணீர் வந்த பிராட் தெரு பம்பையும்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். நல்ல கதைதான். ஆனால் புதிதாகப் படிக்க வருபவருக்கு நான் ஆஸ்வீகோவைத்தான் காட்டுவேன். 75 பேர், 14 உணவும் பானமும், ஒரே ஒரு மாலை. ஒரு தாளும் பேனாவும் இருந்தால் முழு விசாரணையையும் நாமே திரும்பச் செய்து பார்க்கலாம்.

யார் நோயாளி?

விருந்துக்கு வந்ததாகத் தெரிந்தவர்கள் 80 பேர். அவர்களில் 75 பேரை ரூபின் நேரில் விசாரித்தார். 46 பேர் தங்களுக்கு நோய் வந்ததாகச் சொன்னார்கள். 75-இல் 46 என்றால் 61 சதவீதம். இதைத்தான் தாக்கு விகிதம் என்கிறோம். விடுபட்ட ஐந்து பேர் கணக்கைக் கவிழ்த்துவிடுவார்களா என்று உடனே பார்த்துவிட வேண்டும். ஐவரும் நலமாக இருந்திருந்தால் 80-இல் 46, அதாவது 58 சதவீதம். ஐவருக்குமே நோய் வந்திருந்தால் 80-இல் 51, அதாவது 64 சதவீதம். எப்படிப் பார்த்தாலும் படம் மாறவில்லை. ஐந்து பேருக்குப் பதில் ஐம்பது பேர் விடுபட்டிருந்தால் இந்த நிம்மதி கிடைத்திருக்காது.

இது கொள்ளைநோய்தானா என்ற கேள்விக்கு இங்கே அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. ஒரே விருந்தில் கலந்துகொண்டவர்களில் பாதிக்கும் மேல் ஒரே இரவில் படுத்துவிட்டார்கள். மற்ற இடங்களில் இது அவ்வளவு எளிதல்ல. புதிய ஆய்வகப் பரிசோதனை வந்தாலும், ஆர்வமுள்ள மருத்துவர் ஒருவர் பொறுப்பேற்றாலும், பதிவாகும் எண்ணிக்கை ஏறும், நோய் ஏறியிருக்காது. அதனால் வழக்கமாக அந்த இடத்தில், அந்தப் பருவத்தில் எத்தனை பேருக்கு வரும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அப்புறம் நோயாளி வரையறை. ஆஸ்வீகோவுக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்: 'ஏப்ரல் 18 தேவாலய விருந்தின் உணவைச் சாப்பிட்டு, அடுத்த 24 மணி நேரத்துக்குள் வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு வந்தவர்.' யார், எங்கே, எப்போது, என்ன அறிகுறி என நான்கும் இதில் இருக்கின்றன. புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, சந்தேகப்படும் பண்டத்தையும் வரையறைக்குள் நுழைத்துவிடுவது. 'ஐஸ்கிரீம் சாப்பிட்டு வாந்தி எடுத்தவர்' என்று எழுதிவிட்டால் நோயாளிகள் நூற்றுக்கு நூறு பேர் ஐஸ்கிரீம் சாப்பிட்டவர்களாகத்தான் இருப்பார்கள். கண்டுபிடிக்க வேண்டியதைக் கேள்வியிலேயே எழுதிவைத்ததாகிவிடும்.

கடிகாரம் சொன்னது

விருந்து மாலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 11 வரை நடந்தது. ஊரார் அவரவர் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்த உணவு மேசையில் பரப்பப்பட்டிருந்தது. வந்தவர்கள் வெவ்வேறு நேரத்தில் சாப்பிட்டார்கள். நோய் தொடங்கிய நேரங்களைக் குறுக்கு அச்சிலும், ஆட்களின் எண்ணிக்கையை நேர் அச்சிலும் வைத்து வரைந்தால் பெரும்பாலோர் அன்றிரவும் நள்ளிரவை ஒட்டியும் ஒரே குவியலாக விழுகிறார்கள். சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும் ஒற்றைக் குவியல் என்றால், எல்லோரும் ஒரே மூலத்திலிருந்து, குறுகிய நேரத்துக்குள் வாங்கிக்கொண்டார்கள் என்று பொருள். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றும் நோயாக இருந்தால் சில நாள் கழித்து இரண்டாவது அலை வந்திருக்கும்.

சாப்பிட்ட நேரம், நோய் தொடங்கிய நேரம் இரண்டும் தெரிந்தவர்கள் 22 பேர்தான். அவர்களுக்கு நோயரும்பு காலம், அதாவது இந்த இரண்டு நேரத்துக்கும் இடைப்பட்ட காலம், 3 முதல் 7 மணி நேரம் வரை இருந்தது. நடு மதிப்பு (சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 4 மணி நேரம். ஆய்வகத்துக்கு எதையும் அனுப்பும் முன்பே இந்த எண் பாதி வேலையை முடித்துவிடுகிறது. சால்மொனெல்லா பாக்டீரியா என்றால் பெரும்பாலும் அரை நாளாவது ஆகும், காய்ச்சலும் சேர்ந்து வரும். நோரோவைரஸ் என்றாலும் பொதுவாக அரை நாளுக்குக் குறையாது. நான்கு மணி நேரத்தில், காய்ச்சலே இல்லாமல், வாந்தியை முன்னிறுத்தி வந்து ஒரே நாளில் போய்விடுகிறது என்றால், கிருமி உடலுக்குள் போய்ப் பெருகிய கதை அல்ல இது. உணவிலேயே நஞ்சு உருவாகி, அந்த நஞ்சைச் சாப்பிட்ட கதை. முதலில் நினைவுக்கு வர வேண்டிய பெயர் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா.

ஹாம் என்ற பொறி

எந்தப் பண்டம் என்று கேட்டால், நோய்ப்பட்டவர்களிடம் போய் 'என்ன சாப்பிட்டீர்கள்?' என்று விசாரிக்கத்தான் யாருக்கும் தோன்றும். அப்படிக் கேட்டால் 46 பேரில் 29 பேர் ஹாம் (பதப்படுத்திய பன்றித் தொடை இறைச்சி) சாப்பிட்டிருக்கிறார்கள். 63 சதவீதம்! இறைச்சி வேறு. சந்தேகம் அதன்மேல் விழாமல் இருக்குமா? கேக்கும் 27 பேர் சாப்பிட்டிருக்கிறார்கள், 59 சதவீதம். நோயாளிகளை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு மேல் ஓர் அடிகூட நகர முடியாது. விருந்தில் எல்லோருக்கும் பிடித்த பண்டத்தை நோயாளிகளும் நிறையச் சாப்பிட்டிருப்பார்கள். அதைத்தான் இந்த எண் சொல்கிறது.

ரூபினுடைய வேலையின் சிறப்பு, நலமாக இருந்த 29 பேரிடமும் அதே கேள்விகளைக் கேட்டதில்தான் இருக்கிறது. அவர்களிலும் 17 பேர், அதாவது 59 சதவீதம், ஹாம் சாப்பிட்டிருக்கிறார்கள். இப்போது கேள்வியைத் திருப்பிப் போடலாம்: சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு வந்தது, சாப்பிடாதவர்களில் எத்தனை பேருக்கு வந்தது?

| பண்டம் | சாப்பிட்டவர்களில் நோய்ப்பட்டோர் | சாப்பிடாதவர்களில் நோய்ப்பட்டோர் |
|---|---|---|
| ஹாம் | 46-இல் 29 (63%) | 29-இல் 17 (59%) |
| மசித்த உருளைக்கிழங்கு | 37-இல் 23 (62%) | 37-இல் 23 (62%) |
| காபி | 31-இல் 19 (61%) | 44-இல் 27 (61%) |
| கேக் | 40-இல் 27 (68%) | 35-இல் 19 (54%) |
| வெனிலா ஐஸ்கிரீம் | 54-இல் 43 (80%) | 21-இல் 3 (14%) |
| சாக்லேட் ஐஸ்கிரீம் | 47-இல் 25 (53%) | 27-இல் 20 (74%) |

(நோய்ப்பட்டவர்களும் 46, ஹாம் சாப்பிட்டவர்களும் 46 என்பது வெறும் தற்செயல். வகுப்பில் இதில் குழம்பாதவர்கள் குறைவு. உருளைக்கிழங்கிலும் சாக்லேட்டிலும் கூட்டுத்தொகை 74 வருவதற்குக் காரணம், ஒருவரின் பதில் பதிவாகவில்லை.)

ஹாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கிட்டத்தட்ட ஒரே விகிதம். காபியிலும் உருளைக்கிழங்கிலும் அப்படியே ஒன்றுதான். வெனிலாவில் மட்டும் 80-க்கும் 14-க்கும் நடுவே பெரிய இடைவெளி. ஒன்றை மற்றதால் வகுத்தால் 5.6: வெனிலா சாப்பிட்டவருக்கு நோய் வரும் வாய்ப்பு, சாப்பிடாதவருக்கு இருந்ததைப்போல ஐந்தரை மடங்குக்கு மேல். இதற்குப் பெயர் இடர் விகிதம். ஹாமுக்கு இதே கணக்கைப் போட்டால் 1.1-தான் வருகிறது. 1 என்றால் தொடர்பே இல்லை என்று அர்த்தம்.

இடர் விகிதம் மட்டும் போதாது. ஒரு பண்டத்துக்குப் பெரிய விகிதம் வந்து, அதை நாலு பேர்தான் சாப்பிட்டிருந்தால், 46 பேருக்கு நோய் வந்ததை அது எப்படி விளக்கும்? வெனிலா அந்தச் சோதனையிலும் தேறுகிறது. நோய்ப்பட்ட 46 பேரில் 43 பேர், அதாவது 93 சதவீதம், அதைச் சாப்பிட்டவர்கள்.

தற்செயலாக இப்படி அமைந்திருக்குமா? வெனிலாவுக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லையென்றால், சாப்பிட்ட 54 பேரில் 33 பேருக்கு நோய் வந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். வந்ததோ 43 பேருக்கு. எதிர்பார்த்த எண்ணிலிருந்து உண்மை எண் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்கும் கை-ஸ்கொயர் சோதனையைப் போட்டால் 27 வருகிறது. தற்செயலுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. 14 பண்டங்களையும் வழக்கமான 5 சதவீத எல்லையில் (தற்செயலுக்கு 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பு இருந்தால் தொடர்பு உண்டு என்று கொள்வது) சோதித்தால், எல்லாப் பண்டங்களும் நிரபராதிகளாக இருந்தாலும், ஏதாவது ஒன்றாவது பொய்யாக மாட்டிக்கொள்ள ஏறக்குறைய பாதி வாய்ப்பு உண்டு. வெனிலாவின் எண் அவ்வளவு பெரியது என்பதால் இங்கே அந்தக் கவலை இல்லை. மயிரிழையில் எல்லையைத் தாண்டிய பண்டமாக இருந்தால் நான் நம்பமாட்டேன்.

சாக்லேட் மருந்தா?

அட்டவணையின் கடைசி வரியைப் பாருங்கள். சாக்லேட் சாப்பிட்டவர்களில் 53 சதவீதம், சாப்பிடாதவர்களில் 74 சதவீதம். இடர் விகிதம் 0.72. அப்படியானால் சாக்லேட் ஐஸ்கிரீம் நோயைத் தடுத்ததா?

இல்லை. சாக்லேட்டைத் தொடாத 27 பேரில் 20 பேருக்கு நோய் வந்தது. நோய்ப்பட்ட மொத்தப் பேரிலும் வெனிலா சாப்பிடாதவர்கள் மூன்றே பேர். எனவே அந்த 20 பேரில் குறைந்தது 17 பேர் வெனிலா சாப்பிட்டவர்கள், வேறு வழியில்லை. ஒரு ஐஸ்கிரீமை வேண்டாம் என்றவர் மற்றதை எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். நோய் வந்தது சாக்லேட்டை ஒதுக்கியதால் அல்ல, அதற்குப் பதிலாக வெனிலாவை எடுத்ததால். இப்படி இரண்டு விஷயங்களுக்கு நடுவே மூன்றாவது ஒன்று புகுந்து போலித் தொடர்பைக் காட்டுவதைத்தான் குழப்பும் காரணி என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் வரையறையாகப் படித்தால் தலை சுற்றும்; இந்த ஒற்றை வரியில் பார்த்தால் புரிந்துவிடும். இதே குழப்பம் பெரிய ஆய்வுகளிலும் நடக்கிறது, ஆனால் அங்கே மூன்றாவது ஆள் இவ்வளவு வெளிப்படையாக நிற்பதில்லை.

கணக்கில் அடங்காதவர்கள்

வெனிலாவே சாப்பிடாமல் நோய்ப்பட்ட மூவர் இருக்கிறார்கள். சாப்பிட்டும் நலமாக இருந்த 11 பேரும் இருக்கிறார்கள். இவர்கள் கோட்பாட்டைப் பொய்யாக்கிவிட்டார்களா என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் எழும்.

மூவருக்குப் புலனாய்வு அறிக்கையே ஒரு விளக்கம் சொல்கிறது: இரண்டு ஐஸ்கிரீமையும் ஒரே கரண்டியால்தான் எடுத்துப் போட்டார்கள். வெனிலாவிலிருந்து கொஞ்சம் சாக்லேட்டுக்குப் போயிருக்கலாம். அதோடு, வெனிலா சாப்பிட்டதை யாராவது மறந்திருக்கலாம். வேறு காரணத்தால் வயிறு கெட்டிருக்கலாம். மறுபக்கம் அந்த 11 பேர்: ஒரு வாய் மட்டும் சாப்பிட்டிருக்கலாம், நஞ்சு எல்லாப் பகுதியிலும் ஒரே அளவில் கலந்திருக்காது, எல்லோர் உடம்பும் ஒன்றல்ல. காரணம் என்றால் நூற்றுக்கு நூறு பேருக்கு வந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பை இங்கேயே விட்டுவிடலாம்.

மறதி எல்லோருக்கும் சமமாக இருந்தால் பெரும்பாலும் உண்மையான தொடர்பைச் சற்று மங்கலாகத்தான் காட்டும். நோய்ப்பட்டவர் மட்டும் 'எதைத் தின்று தொலைத்தேன்' என்று துருவித் துருவி நினைத்துப் பார்த்து, நலமாக இருந்தவர் போகிறபோக்கில் பதில் சொன்னால்தான் சிக்கல்; அப்போது இல்லாத தொடர்பும் தோன்றலாம். ரூபின் உடனுக்குடன் விசாரித்தது இந்த வகையிலும் நல்லதாகப் போயிற்று.

ஆனால் எனக்கு இந்த ஆவணத்திலேயே மிகவும் பிடித்த சாட்சி ஒரு குழந்தை. நோய் தொடங்கிய நேர வரைபடத்தில் எல்லோருக்கும் முன்னால், ஏப்ரல் 18 பிற்பகல் 3 மணிக்கே ஒரு புள்ளி தனியாக நிற்கிறது. விருந்து தொடங்கவே இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது! பதிவுப் பிழை என்று அடித்துவிடத்தான் கை போகும். ரூபின் அடிக்கவில்லை, விசாரித்தார். ஐஸ்கிரீம் உறையவைப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அந்தக் குழந்தைக்குக் காலை 11 மணிக்கு ஒரு கிண்ணம் வெனிலா கொடுத்திருக்கிறார்கள். 11-லிருந்து 3 வரை நான்கு மணி நேரம். மற்றவர்களின் நடு மதிப்பும் அதுவே. விருந்து மேசையை எட்டிக்கூடப் பார்க்காத நேரத்தில் நோய் வந்திருப்பதால், பரிமாறும்போது ஏதோ கலந்துவிட்டது என்ற சாத்தியமே அடிபட்டுப் போகிறது. நஞ்சு காலையிலேயே வெனிலாவில் இருந்திருக்கிறது. ஒற்றை ஆள் சொன்ன இந்தத் தகவலை 45 பேரும் சேர்ந்தாலும் சொல்லியிருக்க முடியாது.

சமையலும் ஆய்வகமும்

ஏப்ரல் 17 பிற்பகல் பண்ணையிலிருந்து வந்த பாலைக் கொதிக்கவைத்து, சர்க்கரையும் முட்டையும் கொஞ்சம் மாவும் சேர்த்து, வெனிலாவுக்கும் சாக்லேட்டுக்கும் தனித்தனிக் கலவைகள் தயாரித்தார்கள். மாலை 6 மணிக்கு மூடிய பாத்திரங்களில் தேவாலயத்தின் அடித்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். இரவு முழுக்க அங்கேயே இருந்தது. மறுநாள் காலை எசன்ஸும் டின்பாலும் சேர்த்து உறையவைத்தார்கள்.

நஞ்சு எங்கே உருவாகியிருக்கும் என்று பார்த்தால் அந்த இரவுதான் உறுத்துகிறது. பாலும் முட்டையும் சர்க்கரையும் கலந்த ஈரமான கலவை, போதிய குளிர்ச்சி இல்லாமல் பல மணி நேரம் கிடந்தால் ஸ்டஃபிலோகாக்கஸுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அது வெளிவிடும் நஞ்சு வெப்பத்துக்கு அசையாது. பிறகு கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நஞ்சு இருக்கும். உறையவைத்தாலும் அப்படியே இருக்கும்.

ஆல்பனியில் இருந்த மாநில ஆய்வகம் இரண்டு ஐஸ்கிரீமையும் சோதித்தது. வெனிலாவில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஏராளம், சாக்லேட்டில் மிகச் சில. இங்கே அறிக்கையிலுள்ள இன்னொரு விவரமும் கவனிக்கத்தக்கது. முதலில் வெனிலாவை உறையவைத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றினார்கள். பிறகு அதே உறைகலனைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டு, அதில் சாக்லேட்டை ஊற்றினார்கள். சாக்லேட்டுக்குக் கொஞ்சம் கிருமி போக, கரண்டி தவிர இந்த வழியும் இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐஸ்கிரீம் கலவையைத் தயாரித்த இருவரின் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்தார்கள். ஒருவரின் மூக்கில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டார் என்று இங்கே முடித்துவிடுவது எவ்வளவு எளிது! ஆனால் எந்த நோயும் இல்லாத மனிதர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மூக்கில் இந்தக் கிருமி சாதாரணமாகவே குடியிருக்கும். மூக்கிலிருந்த கிருமியும் ஐஸ்கிரீமில் இருந்ததும் ஒரே வகைதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் பரிசோதனை அன்று கைவசம் இல்லை. நோயாளிகளின் மல மாதிரியும் எடுக்கப்படவில்லை. தயாரித்தவர்கள் கையில் புண்ணோ சளிக்காய்ச்சலோ எதுவும் இல்லை. அதே கைகள், அதே இரவு, அதே அடித்தளம் என்றிருக்க, சாக்லேட் தப்பி வெனிலா மட்டும் ஏன் கெட்டது? அறிக்கை இதற்கு விடை சொல்லவில்லை. நோய்க்குக் காரணம் வெனிலா ஐஸ்கிரீம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, அதற்குள் கிருமி வந்த வழி தெளிவாகவில்லை, மூக்கு மாதிரியோடு முடிச்சுப் போடுவது ஊகமே என்று எழுதி நிறுத்திக்கொள்கிறது. இரண்டு வாக்கியத்துக்கும் தனித்தனி அளவு ஆதாரம் இருக்கிறது. அதை மதித்து எழுதியிருக்கிறார்கள்.

நடவடிக்கையைப் பொறுத்தவரை அதிகம் செய்ய எதுவும் மிச்சமில்லை. மற்ற உணவெல்லாம் விருந்திலேயே தீர்ந்துவிட்டது. மீந்த ஐஸ்கிரீமை அழித்தார்கள். ஒருவேளை அது கடையில் விற்கும் பண்டமாக இருந்திருந்தால், ஆல்பனியின் முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 80 சதவீதத்துக்கு எதிரே 14 சதவீதம் என்ற எண்களே விற்பனையை நிறுத்தப் போதுமான ஆதாரம். ஆனால் அப்படிப்பட்ட கொள்ளைநோயில் யார் யார் வாங்கிச் சாப்பிட்டார்கள் என்ற முழுப் பட்டியல் கிடைக்காது. அப்போது நோயாளிகளையும், அவர்களோடு ஒப்பிட நலமான சிலரையும் தேர்ந்தெடுத்து, ஆட்ஸ் விகிதம் கணக்கிட வேண்டியிருக்கும்: நோய்ப்பட்டவர்களில் சாப்பிட்டவர்களை சாப்பிடாதவர்களால் வகுத்து, அதை நலமானவர்களில் வரும் அதே கணக்கால் வகுப்பது. ஆஸ்வீகோ எண்களுக்கே அதைப் போட்டால் (43 × 18) ÷ (11 × 3), அதாவது 23.5 வருகிறது. இடர் விகிதம் 5.6 என்ற அதே உண்மைதான் இங்கே 23.5 ஆக வீங்கி நிற்கிறது. நோய் அரிதாக இருக்கும்போது இரண்டும் நெருங்கி வரும். 61 சதவீதம் பேருக்கு வந்த இடத்தில் வராது. '23 மடங்கு ஆபத்து' என்று தலைப்புப் போடும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

75 பேரின் தரவும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளின் எபிடூல்ஸ் (epitools) தொகுப்பில் கிடைக்கிறது. எடுத்தால் முதலில் வெனிலா மட்டும், சாக்லேட் மட்டும், இரண்டும், இரண்டும் இல்லை என்று நான்காகப் பிரித்துப் பாருங்கள். சில கட்டங்களில் ஆட்கள் மிகக் குறைவாக இருப்பார்கள், அங்கே சதவீதத்தை நம்ப வேண்டாம். சாக்லேட்டின் 0.72 என்ன ஆகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.